சீட்டுப் பணத்தைத் தொடாமல் சைபர் செக்யூரிட்டி வேலைக்கு

கோவில்பட்டியிலிருந்து சித்தி ஞாயிற்றுக்கிழமை மதியம் போன் செய்தால் பெரும்பாலும் கல்யாணப் பேச்சாகத்தான் இருக்கும். இந்த முறை வேறு. "சீட்டு எடுத்துட்டேன்டி. 85,000 கைல இருக்கு. தம்பி மதுரைல ஏதோ கோர்ஸ் பாத்து வச்சிருக்கான். நாளைக்கே கட்டணுமாம், இல்லேன்னா ஆஃபர் போயிருமாம்." போனை அவனிடம் கொடுக்கச் சொன்னேன். ஆறு மாதத்தில் எத்திக்கல் ஹேக்கர், வேலைக்கு நூறு சதவீத உத்தரவாதம், கூடவே ஒரு பேக், ஒரு டி-ஷர்ட். தம்பி பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்தவன். "டிஎன்எஸ் எந்த போர்ட்ல ஓடும்?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "அதெல்லாம் கோர்ஸ்லயே சொல்லித் தருவாங்கக்கா."

53. தளத்தின் பெயரைச் சொன்னால் அதன் எண் முகவரியைத் தருவது டிஎன்எஸ், போர்ட் என்பது அது பேசும் கதவு எண். அதைத் தெரிந்துகொள்ள 85,000 தேவையில்லை.

பணத்தைக் கட்டாதே என்று சொல்லிவிடுவது சுலபம். "அப்ப நான் என்னதான் பண்ண?" என்று அவன் கேட்டானே, அதற்குப் போனில் பதில் சொல்லி மாளவில்லை. அவனுக்காக எழுதத் தொடங்கியது இது. இப்போது அவனுடைய நண்பர்கள் நாலு பேர் கேட்கிறார்கள் என்பதால் எல்லோருக்குமாகவே எழுதிவிடுகிறேன்.

என்னைப் பற்றிக் கொஞ்சம். சாத்தூர் பக்கம், அரசுப் பள்ளி, தமிழ் மீடியம். பி.எஸ்சி. கணிதம். 2014இல் சென்னைக்கு வந்து ஒரு கம்பெனியின் ஹெல்ப் டெஸ்க்கில் உட்கார்ந்தேன், மாதம் 11,500. பாஸ்வேர்டு மறந்தவர்களுக்கு மாற்றிக் கொடுப்பது, பிரிண்டர் ஓடவில்லை என்பவர்களிடம் "ஸ்விட்ச் போட்டிருக்கா சார்?" என்று கேட்பது. ஒரு நாளைக்கு நாற்பது கால். மூன்று வருடம் வீணாகப் போகிறதே என்று விடுதி மொட்டை மாடியில் உட்கார்ந்து அழுததும் உண்டு.

2017 மே 12, வெள்ளிக்கிழமை, கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வான்னாகிரை என்ற வைரஸ் பரவியது. சனிக்கிழமை காலையில் எல்லோரையும் ஆபீசுக்கு வரச் சொல்லிவிட்டார்கள். விண்டோஸின் கோப்புப் பகிர்வில் இருந்த ஓட்டை வழியாக, 445 என்ற போர்ட்டில், ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்குத் தானாகவே தாவும் சரக்கு அது. அந்த ஓட்டையை அடைக்கும் பேட்ச்சை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. இரண்டு மாதமாக எங்களில் யாரும் அதை எல்லா மெஷினிலும் போட்டு முடிக்கவில்லை. அன்று மாடி மாடியாகப் போய் லேன் கேபிளைப் பிடுங்கி, பென் டிரைவில் பேட்ச் போட்டு, மறுபடி செருகினோம். உலக அளவில் பரவல் அடங்கியதற்கு முக்கியமான காரணம், இங்கிலாந்தில் மார்கஸ் ஹட்சின்ஸ் என்ற 22 வயதுப் பையன், அந்த வைரஸ் தேடிக்கொண்டிருந்த, யாரும் வாங்கியிராத ஒரு டொமைன் பெயரைச் சில டாலருக்குப் பதிவு செய்ததுதான். எங்கள் ஆபீசில் மாட்டிய ஒன்றிரண்டு மெஷினைக் கண்டுபிடித்தது அதைவிடச் சாதாரணம். எந்த மெஷின் எந்த மாடியில், யார் மேஜைக்கு அடியில், எது பழைய விண்டோஸ் என்பது மூன்று வருடம் கால் எடுத்த எனக்குத் தெரியும். செக்யூரிட்டி டீம் லீட் அதைக் கவனித்தார். மூன்று மாதத்தில் எஸ்ஓசி என்ற பாதுகாப்புக் கண்காணிப்பு மையத்தில் எல்1, அதாவது முதல் நிலை, சீட் கிடைத்தது.

முகமூடி போட்ட ஹேக்கர் படத்தைப் பார்த்து இந்தத் துறைக்கு வருபவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன். ஒரு நெட்வொர்க் ஒழுங்காக இருக்கும்போது எப்படி இருக்கும் என்று தெரிந்தவருக்குத்தான் அது ஒழுங்கில்லாமல் போவது கண்ணில் படும்.

எந்த வேலை என்று முதலில் முடிவு செய்யுங்கள்

"ஆஸ்பத்திரில வேலை" என்றால் டாக்டரா, நர்ஸா, பில் போடுபவரா என்று கேட்போம் இல்லையா? "சைபர் செக்யூரிட்டில வேலை" என்பதும் அப்படித்தான். பெனட்ரேஷன் டெஸ்டிங் என்பது அனுமதி வாங்கிக்கொண்டு தாக்கிப் பார்ப்பது. எல்லோருக்கும் அதன் மேல்தான் கண். ஆனால் புதியவர்களுக்கு இடம் குறைவு. ஐடென்டிட்டி மேலாண்மை என்று ஒன்று இருக்கிறது, யாருக்கு எந்தக் கதவின் சாவி என்று பார்ப்பது. கவர்ச்சி இல்லாததால் போட்டியும் கம்மி, வேலையும் நிலைக்கும். தணிக்கை, இணக்கம் சார்ந்த பக்கம் இன்னொன்று. ஐஎஸ்ஓ 27001 என்ற தகவல் பாதுகாப்புத் தரம், ரிசர்வ் வங்கி விதிகள் என்று ஓடும். பி.காம். படித்தவர்கள் அங்கே என்ஜினியர்களைவிட நன்றாகச் செய்வதைப் பார்த்திருக்கிறேன், ஆவணத்தை வரிவரியாகப் படிக்கும் பொறுமை அவர்களுக்கு இருக்கிறது.

சென்னை ஓஎம்ஆர் ஐடி கம்பெனிகளில் புதியவர்களுக்கு நான் பார்த்தவரை அகலமாகத் திறந்திருக்கும் கதவு எஸ்ஓசி எல்1தான். கண்காணிப்பு மையம். இருபத்து நாலு மணி நேரமும் ஷிஃப்ட். ஸ்பிளங்க், கியூரேடார், சென்டினல் மாதிரி ஏதோ ஒரு மென்பொருள் (எஸ்ஐஇஎம் என்பார்கள்), கம்பெனியின் மெஷின்கள் எழுதும் நடவடிக்கைப் பதிவுகளான லாக்குகள் எல்லாவற்றையும் இழுத்து வைத்துக்கொண்டு, சந்தேகமானதை அலர்ட்டாகத் தள்ளும். அதைத் திறந்து பார்த்து உண்மையா, வெற்றுச் சத்தமா என்று சொல்ல வேண்டும். உண்மை என்றால் அடுத்த நிலையான எல்2க்கு அனுப்ப வேண்டும். கீழே நான் சொல்வதெல்லாம் இந்தக் கதவை மனதில் வைத்துத்தான்.

அதிகாலை 3:10

வேலை என்னவென்று ஒரு அலர்ட்டை வைத்தே காட்டுகிறேன். அதிகாலை 3:10. "பிரூட் ஃபோர்ஸ் முயற்சி", சிவப்பு நிறத்தில். யாரோ பாஸ்வேர்டை மாற்றி மாற்றி அடித்துப் பார்க்கிறார்கள் என்று அர்த்தம். புதிதாகச் சேர்ந்த பையன் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டான். உட்காரச் சொல்லி லாக்கைத் திறக்கச் சொன்னேன்.

விண்டோஸில் 4625 என்றால் லாகின் தோல்வி, 4624 என்றால் வெற்றி. ஃபைல் சர்வரில் 4625 வரிசையாக விழுந்திருந்தது. முதல் கேள்வி: எத்தனை கணக்குகள்? ஒன்றே ஒன்று, கணக்குப் பிரிவில் ஒரு மேனேஜருடையது. இரண்டாவது: எங்கிருந்து? உள்ளேயே இருக்கும் ஒரே மெஷின். மூன்றாவது: லாகான் டைப் என்ன? 3, அதாவது நெட்வொர்க் வழியாக. ஆள் கீபோர்டு முன்னால் உட்கார்ந்து அடித்தால் 2, ரிமோட் டெஸ்க்டாப் என்றால் 10. நான்காவது: ஸ்டேட்டஸ் கோட். 6ஏ என்று முடிந்தால் பாஸ்வேர்டு தப்பு. 64 என்று முடிந்தால் அந்தப் பெயரில் ஆளே இல்லை. 234 என்று முடிந்தால் கணக்கு ஏற்கெனவே பூட்டியாகிவிட்டது. இங்கே முதல் ஐந்தும் 6ஏ, அதற்குப் பிறகு எல்லாமே 234.

ஐந்தாவதுதான் எனக்குப் பிடித்த கேள்வி: இடைவெளி எவ்வளவு? சரியாக ஐந்து நிமிடம். 2:40, 2:45, 2:50. மனிதக் கை இவ்வளவு ஒழுங்காக இருக்காது. அவசரத்தில் இருக்கும் திருடனும் ஐந்து நிமிடம் பொறுமையாகக் காத்திருக்க மாட்டான், காத்திருக்கும் அளவு புத்திசாலி என்றால் பூட்டிய கணக்கிலேயே முட்டிக்கொண்டிருக்க மாட்டான். அந்த மேனேஜர் பாஸ்வேர்டை எப்போது மாற்றினார் என்று பார்த்தோம். அன்று பின்னிரவு, 2:38க்கு, அமெரிக்க கிளையன்ட் மீட்டிங் முடிந்த கையோடு. பழைய பாஸ்வேர்டைச் செருகி வைத்த ஒரு பேக்கப் ஸ்கிரிப்ட் அவருடைய பழைய கம்ப்யூட்டரில் ஓடிக்கொண்டே இருந்தது. சம்பவத்தைப் பதிவு செய்யும் டிக்கெட்டில் எழுதி, ஐடி டீமுக்கு அனுப்பி, டீ குடிக்கப் போனோம்.

இதே 4625, முந்நூறு வெவ்வேறு கணக்குகளில், ஒவ்வொன்றிலும் ஒன்றோ இரண்டோ முறை மட்டும், நடுநடுவே 64 கோடும் கலந்து வந்திருந்தால் நான் டீ குடிக்கப் போயிருக்க மாட்டேன். அது ஒரே பாஸ்வேர்டை எல்லார் மேலும் தெளித்துப் பார்ப்பது. பூட்டு விழாமல் இருக்கத்தான் ஆளுக்கு ஒரு தடவை. அந்தக் கூட்டத்துக்கு நடுவில் ஒரே ஒரு 4624 வந்திருந்தால், தூங்கிக்கொண்டிருக்கும் மேலதிகாரியை எழுப்ப வேண்டிய நேரம்.

இந்த ஐந்து கேள்விகளில் மூன்றை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஹெல்ப் டெஸ்க். அதனால் சப்போர்ட் வேலை கிடைத்தால் கேவலமாக நினைக்காமல் போய்ச் சேருங்கள். இரண்டு வருடம் இருங்கள். மூன்றாவது வருடம் வேண்டாம், நான் செய்த தப்பு அது.

படிக்கும் வரிசை

நெட்வொர்க், லினக்ஸ், விண்டோஸ், அப்புறம் கொஞ்சம் பைத்தான். இந்த வரிசையை மாற்றாதீர்கள். ஹேக்கிங் கருவிகளோடு வரும் காளி லினக்ஸை முதல் நாளே நிறுவிவிட்டு, அதிலுள்ள கருவிகளைத் தட்டிப் பார்த்து, மூன்றாவது வாரம் சலித்து விட்டுவிட்டவர்கள் என் சொந்தத்திலேயே இருக்கிறார்கள்.

நெட்வொர்க்குக்கு மூன்று மாதம். நெட்வொர்க்கில் ஓடும் பேச்சைப் பதிவு செய்து காட்டும் வயர்ஷார்க் இலவசம். இறக்கிக்கொண்டு, பதிவை ஓடவிட்டு, உங்கள் லேப்டாப்பின் வைஃபையை அணைத்துவிட்டு மறுபடி போடுங்கள். ஒரு நிமிடத்தில் நிறுத்துங்கள். அந்த ஒரு நிமிடத்தில் லேப்டாப் என்னென்ன பேசியது என்று ஒவ்வொரு வரியாக நோட்டில் எழுத வேண்டும், அவ்வளவுதான் பயிற்சி. முதலில் "எனக்கு யாராவது முகவரி தாங்களேன்" என்று கத்தும், அது டிஎச்சிபி. டிஸ்கவர், ஆஃபர், ரிக்வெஸ்ட், அக்னாலெட்ஜ். முதலெழுத்துகளைச் சேர்த்து டோரா என்பார்கள், புஜ்ஜி இல்லாத டோரா. ஏற்கெனவே தெரிந்த வைஃபை என்றால் பாதி டோரா மட்டும் வரும், ஏன் என்று யோசியுங்கள். பிறகு ரவுட்டரின் வன்முகவரியைத் தேடும், அது ஏஆர்பி. பிறகு டிஎன்எஸ் கேள்விகள், நீங்கள் எதையுமே திறக்காதபோதும் வரும். பிறகு டிசிபி கைகுலுக்கல், சின், சின்-அக், அக். பிறகு டிஎல்எஸ், பேச்சை மறையாக்கும் ஏற்பாடு. உள்ளே போகும் விஷயம் மறையாக்கப்பட்டிருந்தாலும், பெரும்பாலான நேரம் எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்ற பெயர் மட்டும் முதல் பாக்கெட்டில் வெளியே தெரியும். அதைப் பார்த்த அன்று தம்பி போன் செய்து, "அக்கா, அப்ப ஹாஸ்டல் வைஃபைல..." என்று இழுத்தான். ஆமாம்டா, தெரியும் என்றேன்.

லினக்ஸுக்கு ஓவர்தவயர் தளத்தில் பேண்டிட் என்ற விளையாட்டு போதும். ஒரு நிலையில் ஒளித்துவைத்த பாஸ்வேர்டைக் கண்டுபிடித்தால் அடுத்த நிலை திறக்கும். இருபதாவது நிலை வரை யூடியூப் விடையைப் பார்க்காமல் போனால் டெர்மினல் பயம் போய்விடும். தம்பி பன்னிரண்டில் நாலு நாள் மாட்டிக்கொண்டிருந்தான். கோப்பைச் சுருக்கி, அதை மறுபடி சுருக்கி, அதையும் மறுபடி சுருக்கி வைத்திருப்பார்கள். நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

விண்டோஸ்தான் நம் ஊர்ப் பிள்ளைகள் தாண்டிக் குதிக்கும் பாடம். கம்பெனிகள் ஓடுவதோ, எல்லா யூசர்களையும் மெஷின்களையும் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் விண்டோஸின் ஆக்டிவ் டைரக்டரியில். இதற்குத்தான் சீட்டுப் பணத்தில் கை வைத்தோம். ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு பழைய ஆபீஸ் லேப்டாப், 16 ஜிபி ராம், எஸ்எஸ்டி எல்லாம் சேர்த்து 26,500. 8 ஜிபியில் லேப் ஓட்டலாம் என்று யூடியூபில் சொல்வார்கள். ஓடும், கூடவே உங்கள் பொறுமையும் ஓடும். ஒரே லேப்டாப்புக்குள் பல கம்ப்யூட்டர்களை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் இலவசம். விண்டோஸ் சர்வரை 180 நாள் சோதனைப் பதிப்பாக மைக்ரோசாஃப்டே தருகிறது. சர்வரை எல்லோருடைய லாகினையும் சரிபார்க்கும் டொமைன் கன்ட்ரோலர் ஆக்கி, ஒரு விண்டோஸ் மெஷினை அதில் சேர்த்து, பத்து யூசர்களை உண்டாக்குங்கள். எத்தனை தப்புக்குப் பிறகு கணக்கு பூட்டும் என்ற லாக்அவுட் எண்ணிக்கை முதலில் 0 என்று இருக்கும், அதை 5 ஆக்குங்கள். பிறகு வேண்டுமென்றே தப்பான பாஸ்வேர்டு அடியுங்கள்.

இங்கே எல்லோரும் ஒரு முறை விழுவார்கள். டொமைன் கன்ட்ரோலரில் போய் 4625ஐத் தேடுவார்கள், இருக்காது. எந்த மெஷினுக்குள் நுழையப் பார்த்தோமோ, அது அந்த மெஷினிலேயே பதிவாகும். கன்ட்ரோலரில் வருவது 4771, ஆளைச் சரிபார்க்கும் கெர்பரோஸ் என்ற முறை மறுத்தது. கணக்குப் பூட்டினால் 4740, அதுவும் கன்ட்ரோலரில். 4771 வரவில்லை என்றால் ஆடிட் பாலிசியில் தோல்விகளைப் பதிவு செய்யச் சொல்லியிருக்காது. நாமாகப் போய் இயக்க வேண்டும். யாரும் இயக்காத லாக் உலகத்தில் இல்லாத லாக். பெரிய கம்பெனிகளிலும் ஏதாவது நடந்து முடிந்த பிறகுதான் இதைக் கண்டுபிடிக்கிறார்கள்.

இது பழகியதும் வாஸூ என்ற இலவச மென்பொருளை நிறுவி, அந்த லாக்குகளை ஒரே திரையில் வரவழையுங்கள். ரெஸ்யூமேயில் "எஸ்ஐஇஎம் அனுபவம்" என்று தைரியமாக எழுத அதுவே அடித்தளம். பைத்தானில் ஒரு லாக் கோப்பைத் திறந்து, எந்த ஐபி (மெஷினின் எண் முகவரி) எத்தனை முறை வந்தது என்று எண்ணத் தெரிந்தால் இப்போதைக்குப் போதும்.

தாக்குதல் பக்கம்தான் வேண்டும் என்பவர்களுக்கு

போர்ட்ஸ்விக்கரின் வெப் செக்யூரிட்டி அகாடமி முழுக்க இலவசம், காசு வாங்கும் பல கோர்ஸ்களைவிடத் தரம். ஆனால் ஒரு பக், அதாவது பாதுகாப்பு ஓட்டை, எப்படிக் கிடைக்கிறது என்பதற்கு நம் தமிழ்நாட்டுக்காரர் லக்ஷ்மண் முத்தையா 2019இல் இன்ஸ்டாகிராமில் கண்டுபிடித்ததைப் படித்துப் பாருங்கள். பாஸ்வேர்டு மறந்தால் போனுக்கு ஆறு இலக்க எண் வரும், பத்து நிமிடத்தில் காலாவதி. ஆறு இலக்கம் என்றால் மொத்தமே 10 லட்சம் எண்கள். ஒரே இடத்திலிருந்து அத்தனையும் அடித்தால் தடுத்துவிடுவார்கள். அவர் பல ஐபி முகவரிகளிலிருந்து ஒரே நேரத்தில் அனுப்பினால் தடுப்பு பிடிக்கவில்லை என்று பார்த்தார். 1,000 ஐபிக்களிலிருந்து 2 லட்சம் எண்களை அனுப்பிக் காட்டினார். ஃபேஸ்புக் 30,000 டாலர் கொடுத்தது. இதில் மந்திரம் எங்கே இருக்கிறது? ஐந்தாம் வகுப்புப் பெருக்கல் கணக்கும், "தடுப்பு எதை எண்ணுகிறது?" என்ற ஒரு கேள்வியும்தான்.

அவருக்கு அனுமதி இருந்தது, ஃபேஸ்புக்கின் பரிசுத் திட்டத்துக்குள் செய்தார். இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒரு நாள் தம்பி பெருமையாக, "அக்கா, எங்க காலேஜ் ரிசல்ட் பேஜ்ல ரோல் நம்பருக்குப் பக்கத்துல ஒரு மேற்கோள் குறி போட்டேன், எரர் வந்துச்சு, ஓட்டை இருக்கும் போல" என்றான். அடுத்த பத்து நிமிடம் நான் கத்தியதைச் சித்தி அடுப்படியிலிருந்து கேட்டிருப்பார். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 66. அனுமதியில்லாமல், நேர்மையற்ற அல்லது ஏமாற்றும் நோக்கத்தோடு உள்ளே நுழைந்தால் மூன்று வருடம் வரை சிறை, அல்லது 5 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். "சும்மா பாத்தேன்" என்று சொன்னால் நம்பிவிடுவார்கள் என்று இருக்காதீர்கள். ஒரு எஃப்ஐஆர் இருந்தால் பின்னணிச் சோதனையில் வேலை போய்விடும், இந்தத் துறையில் மற்ற துறைகளைவிட வேகமாக. கை அரித்தால் ஜூஸ் ஷாப், டிவிடபிள்யூஏ போன்றவற்றை உங்கள் லேப்டாப்பிலேயே நிறுவி உடையுங்கள், அதற்கென்றே ஓட்டையோடு செய்தவை. தற்செயலாக எங்காவது ஓட்டை கண்ணில் பட்டால் மேற்கொண்டு தோண்டாமல், சைபர் சம்பவங்களைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பான செர்ட்-இன்னுக்கு எழுதுங்கள்.

சான்றிதழ்கள்

கம்ப்டியா நடத்தும் செக்யூரிட்டி பிளஸ் ஒன்று போதும், தொடக்கத்துக்கு. 90 நிமிடம், அதிகபட்சம் 90 கேள்விகள், 900க்கு 750 எடுக்க வேண்டும். சிஇஎச் (சர்டிஃபைட் எத்திக்கல் ஹேக்கர்) பெயர் நம் ஊர் எச்ஆர்களுக்கு நன்றாகத் தெரியும், ரெஸ்யூமே வடிகட்டியில் தேறும். ஆனால் அதைவிடச் செலவு, கற்பது அந்த அளவுக்கு இல்லை என்பது என் கருத்து. கம்பெனி காசில் எழுதுங்கள். பெனட்ரேஷன் டெஸ்டிங்குக்கான ஓஎஸ்சிபி வேறு ஜாதி. ஏறத்தாழ ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து மெஷின்களை உடைத்துவிட்டு, அடுத்த நாளுக்குள் அறிக்கை எழுதித் தர வேண்டும். தாக்குதல் பக்கம் போகிறவர்கள் இரண்டாவது வருடத்தில் யோசிக்கலாம். சிஐஎஸ்எஸ்பி அனுபவசாலிகளுக்கான சான்றிதழ், ஐந்து வருட அனுபவம் கேட்பார்கள். அதைப் புதியவர்களுக்கு விற்கும் இடத்தைப் பார்த்தால் ஓடிவிடுங்கள்.

டம்ப் (கசிந்த கேள்வி-பதில் தொகுப்பு) படித்துப் பாஸ் செய்தவரை இன்டர்வியூவில் இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும். "4625 எந்த மெஷின்ல விழும்?" என்பேன். முகத்தைப் பார்த்தாலே போதும்.

ரெஸ்யூமே, இன்டர்வியூ, இங்கிலீஷ்

மூன்று வருடமாக இன்டர்வியூ எடுக்கிறேன். ரெஸ்யூமேயில் பதினெட்டு டூல் பெயர் இருந்தால் நான் பதினெட்டாவதைப் பற்றித்தான் கேட்பேன். ஒரு பக்கம் போதும். லேப்பில் என்ன செய்தீர்கள், எது உடைந்தது, எப்படிச் சரியானது என்று மூன்று வரி எழுதுங்கள்.

தர்மபுரியிலிருந்து ஒரு பெண் வந்திருந்தார். அனுபவம் பூஜ்யம். கையில் ஒரு நாற்பது பக்க நோட்டு. தன் ஸ்பாம் ஃபோல்டரில் வந்த முப்பது மெயில்களின் ஹெடரை ஒவ்வொன்றாகப் பிரித்து எழுதியிருந்தார். 'ரிசீவ்டு' வரிகளைக் கீழிருந்து மேலே படிக்க வேண்டும், அனுப்பியவர் என்று காட்டும் பெயரும் பதில் போகும் முகவரியும் ஒன்றா, மெயில் அசல்தானா என்று பார்க்கும் சோதனைகளான எஸ்பிஎஃப் தேறியதா, டிகேஐஎம் தேறியதா என்று கட்டம் போட்டு. கடைசிப் பக்கத்தில், "இன்றிரவு 9:30க்கு உங்கள் மின் இணைப்பு துண்டிக்கப்படும்" என்று அவர் அப்பாவுக்கு வந்த எஸ்எம்எஸ்ஸைக் கையால் எழுதி, ஏன் பொய் என்று ஐந்து காரணம். பத்து இலக்க சாதாரண செல் நம்பரிலிருந்து வந்தது, இணைப்பு எண் இல்லை, இத்தியாதி. நான் மற்ற கேள்விகளைக் கேட்கவே இல்லை. அந்த நோட்டை நீங்களும் போடலாம், நாற்பது ரூபாய்.

இங்கிலீஷ் பற்றி எல்லாத் தமிழ் மீடியம் பிள்ளைகளும் கேட்கிறார்கள். சரளமாகப் பேசத் தேவையில்லை, டிக்கெட்டைத் தெளிவாக எழுதத் தெரிய வேண்டும். "சந்தேகத்துக்குரிய நடவடிக்கை காணப்பட்டது, தயவுசெய்து பார்க்கவும்" என்பது டிக்கெட் ஆகாது. என்ன நடந்தது, எப்போது, எந்த மெஷினில், யார் கணக்கில், நான் எதையெல்லாம் பார்த்தேன், எதைப் பார்க்க எனக்கு அனுமதி இல்லை, என் ஊகம் என்ன, நீங்கள் என்ன செய்ய வேண்டும். எட்டு சின்ன வாக்கியம். தினம் ஒன்று எழுதிப் பழகினால் ஆறு மாதத்தில் வந்துவிடும், எனக்கு வந்தது.

நேரம் எழுதுவதில் மட்டும் நான் பட்டதைப் பட்டுவிடாதீர்கள். சேர்ந்த இரண்டாவது மாதம் ஒரு சம்பவம். சர்வர் லாக் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் இருந்தது, 21:40. நம் நேரப்படி மறுநாள் அதிகாலை 3:10. நான் யூடிசி என்று குறிப்பிடாமல் 21:40 என்று மட்டும் எழுதி அனுப்பிவிட்டேன். நெட்வொர்க் டீம் முந்தைய இரவு 9:40 லாக்கில் நாலு மணி நேரம் தேடியது. 2022இல் வந்த செர்ட்-இன் உத்தரவுப்படி, பெரிய சம்பவங்களைக் கவனத்துக்கு வந்த ஆறு மணி நேரத்துக்குள் அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும். ஆறில் நாலு போனால் மிச்சம் எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். நான் தப்பு செய்தது அந்த உத்தரவு வருவதற்கு முன்னால், அது என் அதிர்ஷ்டம். இன்றும் ஒவ்வொரு நேரத்துக்குப் பக்கத்திலும் ஐஎஸ்டியா (நம் நேரம்) யூடிசியா என்று எழுதாமல் என் கை நகராது.

ராத்திரி ஷிஃப்ட்

சொல்லாமல் விட்டால் ஏமாற்றியது போலாகும். எல்1 என்றால் ராத்திரி ஷிஃப்ட் உண்டு, தீபாவளி அன்றும் உண்டு. தூக்கம் கெடும், வயிறு கெடும். ஒரே மாதிரி நூறு பொய் அலர்ட் பார்த்துவிட்டு நூற்றியொன்றாவதைக் கண் தானாக மூடும், அங்கேதான் உண்மையானது இருக்கும். பெண்கள் சேரும் முன் கேப் வீட்டு வாசல் வரை வருமா, கூட யார் வருவார் என்று எச்ஆரிடம் வெட்கப்படாமல் கேளுங்கள், ஊரில் "ராத்திரி வேலைக்குப் போற பொண்ணு" என்று பேசுவதற்குப் பதில் தேடிக்கொண்டிருக்காதீர்கள். எல்1இல் ஒன்றரை, இரண்டு வருடம். அதற்குள் எல்2க்குப் போகாவிட்டால் கம்பெனியை மாற்றுங்கள். எனக்கு எல்1 சம்பளம் 23,000, எல்2க்குக் கம்பெனி மாறியபோது ஏறக்குறைய இரட்டிப்பு.

சீட்டுப் பணத்தில் மிச்சம் 58,500 சித்தியின் தபால் ஆபீஸ் கணக்கில் இருக்கிறது. செக்யூரிட்டி பிளஸ் தேர்வுக்கு அதிலிருந்துதான் எடுக்க வேண்டும். இன்னும் அவன் தயாராகவில்லை என்று நான் சொல்கிறேன், தயார் என்று அவன் சொல்கிறான். போன வாரம் ராத்திரி பதினோரு மணிக்கு ஸ்கிரீன்ஷாட் ஒன்று வந்தது. லேப்பில் இருக்கும் யூசர்களுக்கு வீட்டு ஆட்களின் பெயரையே வைத்திருக்கிறான். பின்னாலேயே போன்.

"அக்கா, 4740 வந்துருச்சு! அம்மா அக்கவுண்ட் லாக் ஆயிருச்சு."

"எந்த மெஷின்லேர்ந்து லாக் ஆச்சு?"

"அது... பாக்கலையேக்கா."

"அதே ஈவன்ட்டுக்குள்ள காலர் கம்ப்யூட்டர்னு ஒரு வரி இருக்கும். பாத்துட்டுக் கூப்பிடு."